அட்டைக் கிரீடம் – 1

சிறைகளில் 17 ஆண்டுகளாக நாடகப் பயிற்சி நடத்திவரும் இயக்குநர் ஒருவர், இந்த இதழில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: சிறையில் இருப்பவனுக்குத் தச்சு வேலையோ தையலோ கற்றுக்கொடுத்தால் வெளியே வந்து பிழைத்துக்கொள்வான். நாடகம் சோறு போடுமா?

போடாது, ஐயா. வெளியே இருக்கும் நாடகக்காரர்களுக்கே போடுவதில்லை, உள்ளே இருப்பவர்களுக்கு எங்கே போடப்போகிறது! தச்சுக்கும் தையலுக்கும் நான் எதிரியில்லை. என் நடிகர்களில் பாதிப் பேர் காலையில் தையல் கூடத்தில் இருந்துவிட்டு மதியம் என்னிடம் வருகிறவர்கள். ஆனால் வேலை தெரிந்தவன் வேலையில் நிலைத்திருக்க இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. மேஸ்திரி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் சுத்தியலைத் தூக்காமல் இருக்க வேண்டும். அதை எந்தப் பட்டறையிலும் பாடமாக வைப்பதில்லை.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வட்டமாக உட்காரச் சொல்வேன். வட்டம் வராது, லாடம்தான் வரும். வாசலுக்கு முதுகைக் காட்டி ஒருவரும் உட்கார மாட்டார்கள். கண்ணை மூடச் சொன்னால் மூடியதுபோல் காட்டுவார்கள். இமைக்கு நடுவில் ஒரு கீற்று திறந்தே இருக்கும். அங்கே கண்ணை மூடாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி. பல வருடம் பட்டுக் கற்றுக்கொண்டதை ஒரே மதியத்தில் விடச்சொல்ல நான் யார்? மூன்று நான்கு மாதம் போகும். ஒருநாள் தற்செயலாகப் பார்த்தால் லாடத்தின் வாய் மூடியிருக்கும். அதற்குப் பிறகுதான் நாடகப் பிரதியையே வெளியில் எடுப்பேன்.

அப்புறம் வசனம். எதிரில் இருப்பவர் பேசி முடித்தால்தான் உங்கள் வசனம் தொடங்கும். எளிதாகத் தோன்றும். ஆறடி உயரத்தில் ஒருவர் இருந்தார், எதிராளி பாதி பேசும்போதே பாய்ந்துவிடுவார். "அவன் இழுக்கிறான் டீச்சர், எனக்குப் பொறுக்கல" என்பார். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: அவர் பேசிய கடைசி வார்த்தையை முதலில் எனக்குச் சொல்லுங்கள், பிறகு உங்கள் வசனத்தை ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் இதே கூத்து. மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் முறைத்தார், ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து வரும் கடைசி வார்த்தைக்காகக் காது கொடுக்கப் பழகிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, தண்ணீர்க் குழாய் வரிசையில் நடந்த தகராறில் அவர் கைநீட்டாமல் நின்றார் என்று காவலர் ஒருவர் என்னிடம் வந்து அதிசயம்போலச் சொன்னார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வாரம் மூன்று நாள் பழகியதை உடம்பு வரிசையிலும் செய்தது.

ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட, மண்டேலா பெயரால் அழைக்கப்படும் சிறை விதிகளில் தொழிற்பயிற்சிக்கும் இடம் உண்டு, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் இடம் உண்டு. இரண்டாவதைச் சொல்வது 105ஆம் விதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள் என்று அதில் இல்லை.

பள்ளி மாணவர் ஒருவர்: கத்திச் சண்டைக் காட்சி வந்தால் என்ன செய்வீர்கள்?

நல்ல கேள்வி தம்பி. வாசலில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் அதில் ஏற வேண்டும், வெளியே வரும்போது எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். 'அட்டைக் கிரீடம் – 1' என்று எழுதி, கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய நாளும் உண்டு. வாளும் அட்டைதான். உள்ளே கம்பி இருக்கிறதா என்று இரண்டாக மடக்கிப் பார்ப்பார்கள், அதனால் எங்கள் அரசர்கள் எல்லோருக்கும் நடுவில் ஒடிந்த வாள். ஒட்டு மீசையும் டோப்பாவும் கூடாது, ஆளை அடையாளம் தெரியாமல் போய்விடும். காவலர் உடுப்பு மாதிரி எதுவும் கூடாது, காரணம் உனக்கே தெரியும். கயிறு கூடவே கூடாது. ஒரு காட்சியில் படகை இழுக்க வேண்டியிருந்தது. நான்கு பேர் வெறுங்கையால் காற்றைப் பிடித்து இழுத்தார்கள். நிஜக் கயிறு இருந்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

கல்லூரி மாணவி ஒருவர்: சிறைக்குள் நாடகம் என்ற யோசனை எங்கே தொடங்கியது? ஆய்வுக் கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

தொடக்கப் புள்ளி தேடினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்.

1957 நவம்பர் 19. கலிஃபோர்னியாவில் சான் குவென்டின் சிறை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு நாடகக் குழு வந்து, சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைப் போட்டது. இயக்கியவர் ஹெர்பர்ட் பிளாவ். ஏன் அந்த நாடகம்? பெண் பாத்திரமே இல்லை, அதனால் சிறையில் போட வசதி என்பது ஒரு காரணம். படித்தவர்களே 'ஒன்றும் புரியவில்லை' என்று எழுந்துபோன நாடகம் அது. இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஏறத்தாழ 1,400 கைதிகள். நடிகர்களுக்கு உள்ளூர உதறல். இரண்டு பேர் ஒரு மரத்தடியில் வராத ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. கைதிகளுக்கு அதில் விளக்கம் தேவைப்படவில்லை. காத்திருப்பதைப் பற்றி அவர்களுக்கு யார் வகுப்பெடுப்பது?

இதில் எனக்கு நெருக்கமானவர் அன்று அரங்கில் இல்லாத ஒருவர். ரிக் கிளச்சி, ஆயுதமேந்திய கொள்ளை, ஆள்கடத்தல் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். அன்றிரவு அவரை அறையை விட்டு வெளியே விடவில்லை. ஒலிபெருக்கி வழியாகக் காதால் மட்டும் கேட்டார். சில ஆண்டுகளில் சிறைக்குள்ளேயே ஒரு நாடகக் குழுவை உருவாக்கி அதே நாடகத்தைப் போட்டார்கள், அவரும் நடித்தார். 1966இல் தண்டனை குறைக்கப்பட்டு வெளியே வந்தார். பிற்பாடு பெக்கெட்டே அவரை நடிக்கவைத்து இயக்கினார். இப்படியொரு முடிவை நான் எழுதியிருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் எல்லாச் சிறை நாடகமும் வெளியிலிருந்து வந்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் அரசியல் கைதிகள் தாங்களாகவே நாடகம் போட்டார்கள். 'ஆன்டிகனி' என்ற கிரேக்க நாடகத்தில் நெல்சன் மண்டேலாவுக்கு என்ன வேடம் தெரியுமா? சட்டம் சட்டம் என்று பிடிவாதம் பிடிக்கும் அரசன் கிரியோன்! சட்டத்தை மீறியதற்காக உள்ளே இருந்தவர், சட்டத்தின் குரலில் பேசிப் பார்த்தார்.

அதே தீவில் சோனி வெங்கடரத்னம் என்ற கைதியிடம் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடாமலிருக்க மேலே தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, சமயப் புத்தகம் என்று சொல்லிவிட்டார். அது கைமாறிக்கொண்டே இருந்தது. பிடித்த இடத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மண்டேலாவின் கையெழுத்து 'ஜூலியஸ் சீசர்' பக்கத்தில் இருக்கிறது, தேதி 1977 டிசம்பர் 16. கோழை சாவதற்கு முன்பே பலமுறை சாகிறான் என்று சீசர் பேசும் இடம். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

பிற்காலத்துக்கு இத்தாலியின் வோல்தெர்ரா சிறையைப் பாருங்கள். அங்கே அர்மாந்தோ புன்ட்ஸோ 1988இலிருந்து கைதிகளோடு நாடகம் செய்கிறார். 'மறுவாழ்வு' என்ற சொல்லைவிட 'நல்ல நாடகம்' என்பதில்தான் அவருக்கு அக்கறை அதிகம். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி: என் அண்ணனைக் கொன்றவன் சிறையில் நாடகத்தில் நடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்குக் கைதட்டுகிறார்கள். இதற்கு உங்களைப் போன்றவர்கள் துணைபோகிறீர்கள். தூங்க முடிகிறதா உங்களால்?

உங்கள் கடிதத்தை நான்கு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். மற்றவற்றுக்கெல்லாம் எழுதி முடித்துக் கடைசியில் எழுதுவது இது.

மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை, அவருக்கும் இல்லை. கைதட்டலைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ஐந்தாவது வருடம் ஒரு நாடகத்துக்குப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டோம். மறுநாள் ஒரு நாளிதழில் பூங்கொத்தும் சிரிப்புமாக ஒரு நடிகரின் படம், கீழே பெயர். பத்து நாள் கழித்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்த நடிகரின் கையால் செத்துப்போன பையனின் அம்மா எழுதியிருந்தார். 'என் மகன் படமும் ஒருமுறை பேப்பரில் வந்தது. அதில் அவன் சிரிக்கவில்லை.' வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு என் நாடகங்களில் நடிகர் பெயர் வெளியே போவதில்லை. முகம் தெரியும்படி படம் எடுக்கவிடுவதில்லை. 'இவர்தான் அந்தக் கொலை வழக்கில்' என்று யாராவது அறிமுகம் செய்ய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். கூப்பிடுவது குடும்பத்தினரையும் சக கைதிகளையும் மட்டும். இதனால் நன்கொடை குறைந்தது. குறையட்டும்.

இன்னொரு விதி முதலிலிருந்தே உண்டு. தான் செய்த குற்றத்தை யாரும் மேடையில் நடிக்கக் கூடாது. நடித்தால் அது வீரப் பிரதாபமாகும், அல்லது கட்டுப் பிரித்த புண்ணாகும். இரண்டையும் கையாளும் படிப்பு எனக்கு இல்லை. அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். நான் செய்வது வேறு. ஒரு நாடகத்தில் மகன் திரும்பி வராத வீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். வசனம் கிடையாது. வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார வேண்டும், மூன்று முறை. அதை ஒரு கொலை வழக்குக் கைதிக்குக் கொடுத்தேன். முதல் நாள் இடுப்பை ஒடித்து நடந்து காட்டினார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது வாரம், "பெண்பிள்ளை மாதிரி நடக்க வேண்டாம், சத்தத்தை மட்டும் கேளுங்கள்" என்றேன். முதல் முறை எழுந்தார், உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை எழுந்தவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, காவலரைக் கூப்பிட்டு அறைக்குத் திரும்பிப்போய்விட்டார். அடுத்த வாரம் வந்து, "வேற வேஷம் குடுங்க டீச்சர்" என்றார். கொடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் வரவே இல்லை. பிறகு வந்தார், செய்தார். நாடகத்தன்று அந்தக் காட்சிக்கு யாரும் கைதட்டவில்லை. தட்ட இடமே இல்லாதபடிதான் அதை அமைத்திருந்தோம்.

இதை உங்களுக்கு ஈடாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் கேட்ட சத்தத்துக்கு ஈடு கிடையாது. என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன்.

ஒன்று மட்டும் செய்யலாம். நாடகம் வெளியாட்கள் முன்னால் போடப்படுமானால் எனக்கு முன்கூட்டியே தகவல் வேண்டும், பெயரும் படமும் வெளிவரக் கூடாது என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். என் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் நானே இதைக் கேட்டு வைக்கிறேன். உங்களிடமிருந்து வந்தால் அதற்கு எடை அதிகம்.

தூக்கம் பற்றிக் கேட்டீர்கள். அந்த அஞ்சலட்டை வந்த வருடம் சரியாக இல்லை.

கணக்குத் தணிக்கையாளர் ஒருவர்: உருக்கமான கதைகள் சரி. எண்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, ஆனால் தணிக்கையாளர் என்பதால் உங்களிடம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். கலிஃபோர்னியா சிறைத் துறை, 1980 டிசம்பருக்கும் 1987 பிப்ரவரிக்கும் இடையில் பரோலில் வெளியேறியவர்களில், கலைப் பயிற்சி பெற்றவர்களை எடுத்துப் பார்த்தது. இரண்டு ஆண்டு கழித்தும் பெரிய சிக்கலில் மாட்டாமல் இருந்தவர்கள் அவர்களில் சுமார் 69 சதவீதம். பொதுவாகப் பரோலில் போனவர்களில் சுமார் 42.

பெரிய வித்தியாசம்தான். ஆனால் கலை வகுப்புக்குத் தானாக வந்து பெயர் கொடுத்தவன் ஏற்கனவே மாற நினைத்தவனாக இருக்கலாம். வகுப்பு அவனை மாற்றியதா, மாறப்போகிறவன் வகுப்பைத் தேடி வந்தானா? இதை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நியூயார்க்கின் சிங் சிங் சிறையில் 1996இல் தொடங்கிய ஒரு கலை அமைப்பு, தங்களிடம் பயின்றவர்களில் மறுபடி சிறைக்கு வருபவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது. அதையும் நாட்டின் மொத்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள். ஒரு கணக்கு மறுபடி கைதானதை எண்ணும், இன்னொன்று மறுபடி சிறைக்கு வந்ததை எண்ணும். ஒரே தராசில் வைக்கிற சரக்கில்லை அது.

நான் நம்புவது இதைவிடச் சின்ன எண்களை. ஒத்திகை நடக்கும் மாதங்களில் என் குழுவினர்மேல் எத்தனை ஒழுங்கு நடவடிக்கை வந்தது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். குறைகிறது. நாடகம் முடிந்து இரண்டு மாதத்தில் மறுபடி ஏறுகிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் பலர் விட்டுவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் விட்டிருக்கிறேன்.

வாசகர் ஒருவர்: நடித்தால் தண்டனை குறையுமா?

என்னிடம் நடித்தால் ஒரு நாள்கூடக் குறையாது. அதை முதல் நாளே சொல்லிவிடுவேன், மூன்று பேராவது எழுந்து போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்களை வைத்துத்தான் நாடகம். வேறு இடங்களில் வேறு முறை உண்டு. பிரேசிலில் கூட்டாட்சிச் சிறைகளில் 2012இல் வந்த திட்டப்படி ஒரு புத்தகம் படித்துக் கட்டுரை எழுதினால் 4 நாள் குறையும்; ஆண்டுக்கு 12 புத்தகம், 48 நாள் வரை. புத்தகத்துக்கு அது பொருந்தலாம். நாடகத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. நாள் கணக்கு வந்துவிட்டால் பயிற்சியாளர் நீதிபதியாகிவிடுவார். அப்புறம் எவன் என் முன்னால் அசடு வழியத் துணிவான்?

நாடகப் பள்ளி மாணவர் ஒருவர்: நானும் சிறையில் பயிற்சி தர ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, ஒரு வருடத்துக்கு அந்த நாளில் வேறு வேலை வராது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் தொடங்காதீர்கள். 'அடுத்த வாரம் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களால் நிறைந்த வாழ்க்கை அவர்களுடையது. அந்தப் பட்டியலில் நீங்களும் சேர வேண்டாம்.

என்ன வழக்கு என்று கேட்காதீர்கள். சொன்னால் கேளுங்கள், முகத்தை மாற்றாமல். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள், ஃபோன் நம்பர் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்வார்கள். மனசு இளகும். செய்யக் கூடாது. ஒரு தடவை செய்தால் மொத்தக் குழுவுக்கும் கதவு மூடிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்போதும் இருப்பார், ஆனால் 'கண்ணாடி இல்லை' என்றுதான் சொல்வார். அவருக்கு வசனத்தைக் காதில் சொல்லிக்கொடுக்க ஒரு ஜோடி போடுங்கள். பெரும்பாலும் அவர்தான் முதலில் மனப்பாடம் செய்து முடிப்பார்.

பாதி ஒத்திகை நடக்காது. கணக்கெடுப்பு, திடீர்ச் சோதனை, யாரோ ஒரு அதிகாரியின் வருகை. கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவீர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். எனக்கு ஒருமுறை நாடகத்தன்று காலையில் கதாநாயகனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது! பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், சாயங்காலம் முடிச்சிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். சட்டப்படி ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க முடியாது. அவரை அனுப்பிவிட்டு, ஆறு வாரமாக ஓரமாக நின்று வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த காவலரைக் கேட்டோம். உடுப்பைக் கழற்றிவைத்துவிட்டு நடித்தார். நன்றாகவே நடித்தார். மறுநாள் மேலதிகாரி அவரிடம் விளக்கம் கேட்டது தனிக் கதை.

காவலர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களும் அதே சுவருக்குள்தான் இருக்கிறார்கள். முதல் வாரமே அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடும்பத் தலைவி ஒருவர்: என் தம்பி ஆறு வருடமாக உள்ளே இருக்கிறான். அவன் செய்த காரியத்தால் நான்கு வருடமாக நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது நாடகத்தில் நடிக்கிறானாம், 'அக்கா நீ வரணும்' என்று எழுதியிருக்கிறான். போகலாமா?

போங்கள் அம்மா. கோபம் தீர்ந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், கோபத்தோடேயே போங்கள். பார்வையாளர் பட்டியலில் உங்கள் பெயரைத் தம்பிதான் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் வருகிறேன் என்று முன்பே எழுதிவிடுங்கள். அடையாள அட்டை மறக்க வேண்டாம். அரை நாள் ஒதுக்குங்கள். சோதனைக்கே ஒரு மணி நேரம் ஆகும்.

முன்வரிசையில் உட்காராதீர்கள், நான்காவது ஐந்தாவது வரிசை போதும். அக்கா முகத்தை அருகில் பார்த்தால் வசனம் மறந்துவிடும். எனக்கு அப்படி இரண்டு பேர் நின்றுபோயிருக்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து வயது மகள் கீழேயிருந்து, "அப்பா, பேசுப்பா!" என்றாள், பேசினார். முதல் காட்சியில் கையாட்டாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள், பக்கத்தில் இருப்பவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

நாடகம் முடிந்ததும் பேச ஒரு பத்து நிமிடம் கிடைக்கலாம். 'எப்ப வெளிய வருவ' என்று கேட்க வேண்டாம். வழக்கைப் பற்றியும் அன்றைக்கு வேண்டாம். 'அந்த இடத்தில ஏன் அப்படித் திரும்பி நின்ன?' என்று நாடகத்தைப் பற்றிக் கேளுங்கள். ஆறு வருடத்தில் அவனிடம் யாரும் அந்த மாதிரிக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இது யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வேஷத்தைக் கலைத்த கால் மணி நேரத்தில் அவன் அறைக்குள் போய்விடுவான், கதவு பூட்டப்படும். நான்கு மாதமாக ஒத்திகை ஒத்திகை என்று ஓடியவனுக்கு மறுநாள் மதியம் போவதற்கு இடம் இருக்காது. நாடகத்துக்கு அடுத்த வாரம்தான் என் ஆட்கள் சண்டை போடுவதும், சாப்பிடாமல் படுத்துக்கொள்வதும். அதனால் நான் இப்போதெல்லாம் நாடகம் முடிந்த பிறகும் நான்கு வாரம் போகிறேன், சும்மா வட்டமாக உட்கார. ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்ற நிலை உங்களுக்கு இருந்தால், நாடகத்தை விட்டுவிட்டு அந்த அடுத்த வாரம் போங்கள். இரண்டு தடவை முடியுமென்றால் இரண்டுக்கும் போங்கள்.